சிலம்பு ஒன்று, கண்ணகி இருவர்

எங்கள் திருக்கோகர்ணத்தில் ஒரு பொருள் தொலைந்துவிட்டால் முதலில் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வார்கள், தேடுவதெல்லாம் பிறகுதான். தொண்டைமான் அரசர்கள் பிரகதாம்பாளின் உருவம் பொறித்து வெளியிட்ட அம்மன் காசுதான் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது. "பாண்டிமாதேவி சிலம்பைக் காணோம்னதும் நம்ம அம்மனுக்கு ஒரு அச்சு வெல்லம் வேண்டிக்கிட்டிருந்தா மதுரை தப்பிச்சிருக்கும்ல" என்று தெருப் பெரியவர் ஒருவர் சொல்வார். சிரிப்புக்குச் சொல்வதுதான். ஆனால் கண்ணகி படத்தைப் பற்றி இந்த ஊரில் பேச்செடுத்தால் அது எளிதில் முடியாது. அந்தப் படத்தின் கோவலன் இந்த மண்ணின் பிள்ளை.

புதுக்கோட்டை உலகநாத பிள்ளை சின்னப்பா என்ற பி.யு. சின்னப்பா 1942-இல் கோவலனாக நடித்தார். ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'கண்ணகி'. ஆர்.எஸ். மணி இயக்கம், இளங்கோவன் வசனம், கண்ணகியாக பி. கண்ணாம்பா. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1964-இல், அதே கதை 'பூம்புகார்' என்ற பெயரில் வந்தது. மேகலா பிக்சர்ஸ், ப. நீலகண்டன் இயக்கம், கலைஞர் கருணாநிதியின் கதை வசனம். எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி.

ஹாலிவுட்காரர்கள் பைபிள் காலத்துக் கதைகளைத் தலைமுறைக்கு ஒருமுறை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். செசில் பி. டிமில் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தை 1923-இல் மௌனப் படமாக எடுத்தார். 1956-இல் அவரே மறுபடி எடுத்தார். 'பென்ஹர்' 1925, 1959, 2016 என்று மூன்று முறை பெரிய படமாக வந்தது. புனிதம் ஒட்டிக்கொண்ட கதை, எல்லோருக்கும் முடிவு தெரிந்த கதை, ஆனாலும் கூட்டம் வந்து உட்கார்ந்து பார்க்கும் கதை. தமிழில் அந்த இடத்தில் வைக்கத் தக்கது கோவலன் கதைதான் என்பது என் எண்ணம். ராமனையும் கிருஷ்ணனையும் எல்லா மொழிக்காரர்களும் எடுத்தார்கள். மதுரை எரிந்த கதை நம்முடையது.

பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் உள்ள வேறுபாட்டை எங்கே பார்ப்பது? பென்ஹரில் ஒரு கிணற்றடிக் காட்சி உண்டு. 1959 படத்தில் அடிமையாக இழுத்துச் செல்லப்படும் பென்ஹருக்குத் தண்ணீர் தரக் கூடாது என்பது ரோமானியன் உத்தரவு. ஒருவர் குனிந்து தண்ணீர் தருகிறார். தடுக்க வந்த ரோமானியன் அவர் முகத்தைப் பார்க்கிறான். அதட்ட வாய் வராமல் தடுமாறிப் பின்வாங்குகிறான். நமக்குத் தெரிவது இயேசுவின் முதுகும் தலைமுடியும் மட்டுமே. படம் முழுக்க வில்லியம் வைலர் அந்த முகத்தைக் காட்டவே இல்லை. 2016 படத்தில் ரொட்ரிகோ சாந்தோரோவின் முகம் தெளிவாகத் தெரிகிறது, வாய் திறந்து பேசவும் செய்கிறார். நல்ல நடிகர்தான். ஆனால் முகம் தெரிந்ததும் அவர் ஒரு பாத்திரம் ஆகிவிடுகிறார். ரோமானியன் எதைக் கண்டு பின்வாங்கினான் என்ற கேள்வி காணாமல் போகிறது. தேரோட்டப் பந்தயத்திலும் அப்படித்தான். 1959-இல் பந்தயம் நடக்கும்போது பின்னணி இசை கிடையாது. குளம்பும் சக்கரமும் கூட்டத்தின் இரைச்சலுமே போதும் என்று விட்டார்கள். எதை விட வேண்டும் என்று தெரிந்த கை அது.

நம்முடைய இரண்டு படங்களிலும் இந்தக் கணக்கு தலைகீழ். கோவலன் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் புலவர்களைவிடக் கூத்துக்காரர்களும் நாடகக்காரர்களும்தான். அவர்கள் வழியில் கண்ணகி பிறப்பிலேயே காளியின் அம்சம். 1942 படம் அந்த மேடை வாசனை போகாமல் வந்தது. கண்ணாம்பா வாயைத் திறந்தால், ஒரு பெண் வழக்காட வந்திருக்கிறாள் என்று தோன்றாது. அம்மன் இறங்கிவிட்டாள் என்றே தோன்றும். 1964-இல் எழுதியவர் பகுத்தறிவுக்காரர். அவர் கண்ணகியிலிருந்து தெய்வத்தைக் கழித்துவிட்டு, அநியாயம் கேட்க வந்த ஒரு தமிழ்ப் பெண்ணை மிச்சம் வைக்கப் பார்த்தார். புதியது முகத்தைக் காட்டியது ஹாலிவுட்டில். இங்கே புதியது முகத்தில் இருந்த ஒளிவட்டத்தை எடுத்தது.

எடுத்ததும் என்ன ஆயிற்று என்பதுதான் சுவை.

முதலில் சின்னப்பா. இவருடைய கோவலனில் எனக்குப் பிடித்தது குரல் நிற்கும் இடங்கள். பாட்டில் ஒரு சொல்லை நீட்டிக்கொண்டே போய், கண்ணுக்குத் தெரியாத ஒரு படியில் இறங்கி, அடுத்த சொல்லை ஏதோ பேசுவதுபோல் வைப்பார். அது பாட்டா பேச்சா என்று பிரிக்க முடியாது. இதற்கு வேர் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்த மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவரிடம் லயம் பழகி, அவருக்குப் பிள்ளை முறையில் இருந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 'கோவலன்' நாடகத்தை மேடைக்கு எழுதியவரும் அவரே. அவர் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சின்னப் பையனாக இருந்தவர் சின்னப்பா. பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. ஆக 1942-இல் அவர் கோவலனாக நிற்கும்போது ஒரு கதாபாத்திரத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்து நிற்கவில்லை. தாளக்கட்டோடு உடம்பில் ஊறியதை எடுத்துப் போடுகிறார். காமிரா பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கிறது. அதனால் என்ன? அசைவு முழுவதும் குரலில் நடக்கிறது.

எஸ்.எஸ்.ஆரின் கோவலன் வேறு ஆள். பாட்டெல்லாம் டி.எம். சௌந்தரராஜன் குரல், ஆகவே பாடும் கோவலனும் பேசும் கோவலனும் இருவராகப் பிரிந்துவிடுகிறார்கள். பேசும் பாதியில் எஸ்.எஸ்.ஆர். சுத்தமானவர். 'ல'வும் 'ள'வும் 'ழ'வும் தனித்தனியாகக் காதில் விழும். வருந்தும்போதுகூட உச்சரிப்பு கலையாது. 1962-இல் தேனியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன மனிதர் அல்லவா? அவருடைய கோவலன் தவறு செய்துவிட்டு அதை ஒப்புக்கொள்ளும் பொறுப்புள்ள குடிமகன். சின்னப்பாவின் கோவலனோ தான் செய்வது தவறு என்று தெரிந்தும் அந்தப் பாட்டை முடிக்காமல் எழ மாட்டாத ஆள். மாதவி வீட்டில் கைப்பொருள் அனைத்தையும் தொலைப்பவன் இவர்களில் யாராக இருப்பான்? எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர்ப் பாசம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

சின்னப்பாவைப் பற்றி ஊரில் இன்றும் ஒரு கதை உண்டு. சம்பாதித்த காசில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கிக்கொண்டே போனாராம். கடைசியில் சமஸ்தானமே, இவர் இனி வீடு வாங்கக் கூடாது என்று ஆணை போட்டதாம். கதை எவ்வளவு நிஜமோ, ஆனால் 'கண்ணகி' வந்தபோது இந்த ஊர் ராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சியில் இருந்த சமஸ்தானம் என்பது நிஜம். அரசன் தவறு செய்தான், தேரா மன்னன், என்று ஒரு பெண் அரச சபையில் சத்தம் போடும் படத்தை ஓர் அரசரின் குடிகள் பார்த்திருக்கிறார்கள். 1964-இல் அரசரும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. 1951-இல், முப்பத்தைந்து வயதில், சின்னப்பாவும் போய்விட்டார். பூம்புகார் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு திசையில் கேட்டிருக்கும். அடுத்த மூன்றே ஆண்டில், 1967-இல், ஆட்சி மாறியது.

இனி வழக்குரைக்கும் இடம். இளங்கோவடிகள் இங்கே தச்சர் மாதிரி வேலை செய்திருக்கிறார்: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய துயரத்துக்குத் தீர்வு ஒரு சின்னப் பரல். அது தெறித்து அரசன் வாயருகே படுகிறது. இந்தச் சின்னத்தையும் பெரிதையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் நடிகைக்கு வைக்கப்பட்ட சோதனை.

கண்ணாம்பா தெலுங்குக்காரர். தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வார் என்பார்கள். அப்படியென்றால் அந்தத் தமிழ் அவருக்கு முதலில் ஓசையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அதனாலேயோ என்னவோ, இளங்கோவனின் அடுக்குச் சொற்கள் அவர் வாயில் மந்திரம் போல் வருகின்றன. கனத்த குரல். அடிவயிற்றிலிருந்து எழும்பி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இறங்காமல் மேலேயே நிற்கும். சாதாரணமாகப் பேசுகிறவர்கள் வாக்கிய முடிவில் குரலைத் தாழ்த்துவார்கள், இவர் தாழ்த்துவதில்லை. கேட்பவருக்கு இன்னும் ஏதோ வரப்போகிறது என்ற பயம் தீருவதே இல்லை.

விஜயகுமாரியிடம் அந்தக் கனம் கிடையாது. அவர் குரல் மெல்லியது, எளிதில் உடைவது. ஆனால் அந்த உடைசலை அவர் ஆயுதமாக்கிக்கொள்கிறார். அழுகை முட்டும் இடத்தில் நிறுத்தி, அழாமல், கேள்வி கேட்கிறார். கருணாநிதியின் வசனம் வக்கீல் வசனம். ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதன் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே போகும். கண்ணாம்பாவைப் போல் அதைச் சொல்லியிருந்தால் மேடைப் பேச்சாகப் போயிருக்கும். விஜயகுமாரியின் தழுதழுப்பு அந்த வாதத்துக்குள் ஒரு விதவையை வைக்கிறது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் சிலம்பேந்தி நின்ற கண்ணகி சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது விஜயகுமாரியின் நிலைதான். குரலை மட்டும் நினைக்கச் சொன்னால் கண்ணாம்பா. இரண்டு பேரும் ஒரே கண்ணகியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளங்கோவன் 1937-இல் 'அம்பிகாபதி'க்கு எழுதியபோதே, படத்தில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற பழக்கத்தைத் தமிழ் ரசிகர்களுக்கு ஏற்படுத்திவிட்டார். கருணாநிதி வந்து அந்தக் காதில்தான் பேசினார். பூம்புகாரின் வசனத்தை ரசிக்கிறவர்கள் இந்தக் கடனை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் கோகர்ணேசுவரர் கோயிலிலும் இந்த இரண்டு காலமும் அடுத்தடுத்து இருக்கின்றன. உள்ளே பாறையைக் குடைந்த பழைய கோயில். அங்கே சுவரில் கங்காதரரும் பிள்ளையாரும் கல்லை விட்டு முழுதாக வெளியே வராமல் இருப்பார்கள். வெளியே பிற்காலத்து முன்மண்டபத் தூண்களில் ரதி, மன்மதன், பத்துத் தலை இராவணன் எல்லாரும் நகையும் நரம்பும் தெரிய முன்னால் எட்டி நிற்பார்கள். நின்று பார்க்கும் கூட்டம் எப்போதும் தூணுக்குத்தான். பூம்புகார் அந்தத் தூண் வேலை: இந்திர விழா, நகரத்து ஆரவாரம், ராஜஸ்ரீயின் மாதவி, எல்லாம் முன்னால் வந்து நிற்கின்றன. கருணாநிதிக்கு அந்த நகரத்தின் மேல் இருந்த மோகம் படத்தோடு தீரவில்லை. 1973-இல் பூம்புகாரிலேயே சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டிவிட்டார்.

ஆனால் அந்தத் தூணில் ஓர் உருவம் மட்டும் குடைவரைக்காரி. கவுந்தியடிகளாக வரும் கே.பி. சுந்தராம்பாள்.

1942-இல் கவுந்தியடிகளாக நடித்த யு.ஆர். ஜீவரத்தினம் பதின்வயதுப் பெண். குரல் பிரமாதம், ஆனால் துறவியின் வயது அந்த முகத்தில் எப்படி வரும்? 1964-இல் சுந்தராம்பாளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. 'ஔவையார்' வந்து பதினோரு ஆண்டு. முருக பக்தை, நெற்றி நிறையத் திருநீறு. இன்னொரு வேடிக்கை: 1940-இல் இவர்தான் மணிமேகலை. கோவலனின் மகளாகப் பௌத்தத் துறவியாய் நடித்தவர், வயதானபின் அதே கோவலனுக்கு வழித்துணையாக சமணத் துறவியாய் வருகிறார். சமணத் துறவிக்குத் திருநீறு ஆகாது. வெறும் நெற்றியோடு நடிக்க அம்மையார் சம்மதிக்கவில்லை, கடைசியில் நெற்றியில் ஒரு கீற்று இட்டுச் சமாதானம் ஆனார்கள் என்று திரைப்படக்காரர்கள் சொல்வார்கள். படத்தில் அந்த நெற்றியைக் கவனித்துப் பாருங்கள்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள். கோவலன் கொலையுண்டபின் கவுந்தியடிகள் பாடும் பாட்டில், அரசின் ஆணை வென்றுவிட்டதே, தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கும்படி ஓர் அடி இருந்ததாம். அப்படிப் பாட மாட்டேன் என்றாராம். கேள்வியைத் திருப்பி, தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்தார்களாம். தெய்வத்தைக் கழித்துவிட்டுக் கதை சொல்ல நினைத்தவரின் படத்தில், அதன் மிக உயர்ந்த இடத்தில், உச்ச ஸ்தாயியில், தெய்வம் வந்துவிட்டது என்று ஓர் அம்மாள் பாடிவிட்டுப் போகிறார். கருணாநிதி விட்டுக்கொடுத்தது மரியாதைக்காக இருக்கலாம், குரலுக்காக இருக்கலாம். நான் குரலுக்காக என்று நம்ப விரும்புகிறேன். அந்தக் குரலில் அழுகை கொஞ்சம்கூட இல்லை. எஃகுக் கம்பியை இழுத்துவிட்டது போன்ற நேர்கோடு. அந்த ஒரு பாட்டுக்கு, படத்தின் மற்ற வாதங்கள் எல்லாம் முன்னுரை ஆகிவிடுகின்றன.

இப்போது பார்க்க நினைப்பவர்கள் பூம்புகாரை முதலில் பார்க்கலாம். கதையின் எலும்புகள் அதில் தெளிவாகத் தெரியும், வசனம் கைபிடித்து அழைத்துப் போகும். பிறகு கண்ணகிக்கு வாருங்கள். பிரதி மங்கல், ஒலி கரகரக்கும், பாட்டுகள் நீளம். சின்னப்பா பாட ஆரம்பித்ததும் ஓட்டிவிட விரல் துடிக்கும். அந்தப் பாட்டை மட்டும் ஓட்டாதீர்கள்; மற்றதை எல்லாம் வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளலாம்.