பணியாளரே தலைவர்: ஒரு நூல் நோக்கு

வணிக உலகில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றோர் தம் பட்டறிவை நூலாக்குவது பெருவழக்காகிவிட்டது. அவற்றுள் பல வெற்றியின் கதைகள். அவ்வெற்றிக்காக வியர்வை சிந்தியோரைப் பற்றி அவை மிகுதியாகப் பேசுவதில்லை. இராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் வெளியிட்ட 'பணியாளரே தலைவர்' என்னும் ஆங்கிலச் சிறுநூல் இவற்றினின்று வேறுபட்டது. அதனை ஈண்டுச் சீர்தூக்கிப் பார்க்க விழைகிறோம்.

கிரீன்லீஃப் (1904-1990) அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனத்தில் 1926 முதல் 1964 வரை பணியாற்றியவர், குவேக்கர் சபையினர். ஒரு பெரும் நிறுவனத்தின் உள்ளிருந்து அவர் கற்ற பாடம் இதுதான்: அதிகாரத்தை நாடி வருபவரைவிட, பிறருக்குப் பணி செய்ய விரும்பி, அதன் பொருட்டே பொறுப்பேற்பவரே நம்பத்தக்க தலைவர்.

இக்கருத்தை அவருக்கு உணர்த்தியது, ஹெர்மன் ஹெஸ்ஸே 1932இல் வெளியிட்ட 'கிழக்கு நோக்கிய பயணம்' என்னும் புதினம். அதில் பயணக் குழுவுக்கு ஏவல் செய்பவன் லியோ. அவன் மறைந்ததும் குழு சிதறுகிறது. ஆண்டுகள் பல கழிந்தபின், அப்பயணத்தை நடத்திய சங்கத்தின் தலைவனே அவன் என்பது தெரியவருகிறது.

கதை அழகானது, ஆயினும் இங்கே நமக்கு ஒரு தயக்கம் எழுகிறது. ஏவலாளன் தலைவனாக வெளிப்படும்போது நாம் மகிழ்கிறோம். பணிவுக்குப் பின்னே பதவி காத்திருக்கிறது என்று மனம் கணக்கிடத் தொடங்குகிறது. யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் காட்டும் திசையோ இதற்கு நேர்மாறானது. அங்கே ஆண்டவர் எனவும் போதகர் எனவும் அறியப்பட்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்தம் பாதங்களைக் கழுவுகிறார். பணியாளர் தலைவராக உயர்வதன்று, தலைவர் பணியாளராகத் தாழ்வதே நற்செய்தி. பணிசெய்வதே லியோவின் உண்மை இயல்பு என்றும், தலைமை அவனுக்குப் பின்னர் அளிக்கப்பட்டதே என்றும் கிரீன்லீஃப் தெளிவாகவே எழுதுகிறார். எனினும் கதையின் கவர்ச்சி அவ்விளக்கத்தை விழுங்கிவிடுகிறது.

நூலின் உயிர்நிலை கதையில் இல்லை. அவர் வகுத்த சோதனையில் இருக்கிறது. நம் தலைமையின் கீழ் இருப்போர் மனிதராக வளர்கின்றனரா? சமுதாயத்தின் கடைக்கோடியில் இருப்பவர் அதனால் நலம் பெறுகிறாரா, குறைந்தது மேலும் இழக்காதிருக்கிறாரா? இந்நாளில் 'பணியாளர் தலைமை' என்னும் சொல் பயிற்சி அரங்குகளில் தாராளமாக ஒலிக்கிறது. இச்சோதனையோ அரிதாகவே கேட்கப்படுகிறது. கணக்குகள் ஒழுங்காக இருக்கும்போதே ஒரு நிறுவனத்தின் மக்கள் மாண்பிழந்து நிற்கக்கூடும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எச்சரித்ததும் இதனையே.

இந்நூலைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தவர் கோவிற்பிள்ளை. முன்னர் நாம் பொறுப்பேற்றிருந்த ஒரு பங்கில் கோபுரத் திருப்பணி மூன்றாண்டு நடந்தது. பங்குப் பேரவையின் முன் கணக்கு ஒரு காசும் பிசகாமல் வைக்கப்பட்டது, அனைவரும் பாராட்டினர். விடியற்காலை மணியடித்து, பீடத்தைத் துடைத்து, இரவில் கதவைப் பூட்டிய அம்மனிதரின் ஊதியம் மட்டும் அம்மூன்றாண்டும் உயரவில்லை. அவர் கேட்கவில்லை, நாமும் நினைக்கவில்லை. பெரிய வியாழனன்று அவருடைய பாதங்களையும் கழுவினோம்.

கடை நடத்துவோரும், பட்டறை வைத்திருப்போரும், பள்ளி நிருவகிப்போரும் நம் வாசகருள் உளர். அவர்கள் இந்நூலைப் படிக்கலாம். படித்தபின், தம்மிடம் வேலை செய்வோருள் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர் யார், அவர் எவ்வாறு வாழ்கிறார் என்று விசாரிக்கட்டும். அவ்விசாரணையை நாம் பங்குப் பணிமனையிலிருந்தே தொடங்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.