போடி மலைக்கு எந்தக் காடு?

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பஸ் ஏறினால் ஒரே பயணத்தில் மூன்று நிலங்களைப் பார்த்துவிடலாம். அடிவாரத்தில் உசிலும் முள்ளும் கலந்த வறண்ட காடு, இடையில் பாறையும் புல்லுமான சரிவு, மெட்டைத் தாண்டினால் ஈரம் சொட்டும் ஏலத்தோட்டம். சிதைந்த வாழிடத்தை மீட்கக் கற்பவருக்கு இதுவே முதல் பாடம். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது.

இத்துறையில் நாம் பெருமைப்படத்தக்க வேலை வால்பாறையில் நடந்திருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் 2000-களின் தொடக்கத்திலிருந்து மீட்டு வருகிறார்கள். உண்ணிச்செடியை அகற்றி, சாலையோரம் விழுந்த காட்டு விதைகளைப் பொறுக்கி நாற்றாக்கி, பல வகை மரங்களைக் கலந்து நட்டார்கள். எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நட்ட இடத்தை, நடாமல் விட்ட இடத்தோடும் அருகிலுள்ள நல்ல காட்டோடும் ஒப்பிட்டு அளந்தார்கள். மீட்ட இடத்தில் மரங்களும் அவற்றின் வகைகளும் கூடியிருந்தன. நல்ல காட்டை அது இன்னும் எட்டவில்லை என்பதையும் 2019-ல் வெளியிட்ட ஆய்விலேயே சொன்னார்கள். இந்த நேர்மைதான் அந்த முறையின் பெரிய பலம். பலவீனம், வேகமும் பரப்பும். கையால் களையெடுத்துப் பல ஆண்டு காக்க வேண்டிய வேலை ஏக்கர் ஏக்கராகத்தான் நகரும்.

மெட்டைத் தாண்டிய ஏலமலைக்கு இம்முறை பொருந்தும். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால்தான் இங்கே பழைய காட்டு மரங்கள் பல தப்பின. ஆனால் களையெடுப்பில் அவற்றின் கன்றுகளும் போய்விடுகின்றன. முதுமரம் சாய்ந்த இடத்தில், மிளகுக்கொடி ஏற்ற வசதியான ஆஸ்திரேலிய மரம் சில்வர் ஓக் வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். காட்டுக்கு வாரிசு இல்லை.

அதே நாற்றைப் புல் சரிவில் கொண்டுபோய் நட்டால் தவறு. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகே குரங்கணியில் மலையேற வந்தவர்களைச் சூழ்ந்த தீ, காய்ந்த புல்லில்தான் ஓடியது. அப்படிப்பட்ட சரிவில் இளங்கன்று எத்தனை கோடை தாங்கும்? கொடைக்கானல் மலைகளில் புல்வெளியை வெற்றுநிலமாக எண்ணி வாட்டில் மரங்களை நட்டார்கள். இன்று அதை அகற்றுவதே பெரும்பாடாக இருக்கிறது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக்க முயல்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் மரத்தை மட்டும் எண்ணும் கணக்கில் புல்வெளிக்கு மதிப்பெண் கிடையாது. இந்தக் குறையைத் திருத்தியே ஆகவேண்டும்.

ஏலத்தோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த களையெடுப்பில் கருங்குங்கிலியக் கன்றோ நாங்குக் கன்றோ தென்பட்டால், பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அரிவாள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.