1976க்கு முந்திய தெம்மாங்கு

பழைய சினிமாப் பாட்டுகளைப் பற்றி நான்கு பேர் கூடிப் பேசுமிடத்தில், அது கல்யாணப் பந்தலாயினும் ரயில் பெட்டியாயினும், இப்போதெல்லாம் ஓர் அபிப்பிராயம் சாஸ்திர வாக்கியம்போல உச்சரிக்கப்படுகிறது. தமிழ்த் திரையிசையில் மண்ணின் மணம் 1976இல் ‘அன்னக்கிளி’யோடுதான் பிரவேசித்ததாம்; அதற்கு முன்பிருந்தவையெல்லாம் சபாவுக்குரிய கர்நாடக சங்கீதம், இல்லாவிட்டால் கிளப்புக்குரிய மேல்நாட்டு மெட்டாம். சொல்பவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். பதினாறாம் வயதில் கேட்ட பாட்டே உலகத்தின் முதற்பாட்டாகத் தோன்றுவது மனித சுபாவம். ஆயினும், அந்தப் பிரியத்தையே சரித்திரமென்று எழுதிவைக்கும் வழக்கம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பெருகிவிட்டபடியால், மறுத்து நாலு வார்த்தை சொல்வது அவசியமாகிறது.

ஆதி கட்டத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது முதல் பதினைந்து ஆண்டுக்காலம் நம் சினிமா, நாடகக் கொட்டகையைத் திரைக்கு இடம்பெயர்த்து வைத்ததேயன்றி வேறில்லை. பாபநாசம் சிவனின் சாகித்தியமும் பாகவதரின் சாரீரமும் சேர்ந்து ‘ஹரிதாஸ்’ படத்தைச் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி காண வைத்ததும், எஸ்.வி. வெங்கட்ராமனின் இசையில் எம்.எஸ். சுப்புலட்சுமி ‘மீரா’வாகவே உருகியதும் வாசகர்கள் அறிந்தவை. இவற்றை வைத்துக்கொண்டுதான் ‘அந்தக் காலமெல்லாம் கர்நாடகம்’ என்று பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்காதவர்கள். ராஜபார்ட் ராகம் இழைத்து விருத்தம் பாடி ஓய்ந்த அதே மேடையில், அதே ஆர்மோனியக்காரரின் அதே கட்டை சுருதிக்கு, பபூன் வந்து தெம்மாங்கு பாடுவான்; காவடிச் சிந்தும் கீர்த்தனமும் ஒரே இரவின் இரண்டு ஜாமங்கள். அந்த ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து வந்தவர்களே பின்னாளில் சினிமாவுக்கு இசையமைத்தார்கள் என்பதை மறந்துவிட்டால் எல்லாமே பிழையாகிவிடும்.

அவ்வாறு வந்தவர்களில் தலையாயவர் ஜி. ராமநாதன். கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துப் பழகிய அவர் கை, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ (1950) காலம் முதல் 1963இல் அவர் மறையும்வரை ஓய்ந்ததில்லை. அவரை நினைவுகூரும் சிலரும் ‘ராகங்களின் சக்கரவர்த்தி’ என்று ஒரு மாலையைப் போட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் அனுப்பிவிடுகிறார்கள். ‘அம்பிகாபதி’யின் கல்யாணியையும் ‘சாரங்கதரா’வின் சாருகேசியையும் கேட்டவர்களுக்கு அந்த மாலை தகுதியானதென்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது பாதி ராமநாதன்தான்.

மற்றப் பாதியை அறிய விரும்புகிறவர் ‘மதுரை வீரன்’ (1956) படத்தின் இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்க வேண்டும். கிராமத்து எல்லையில் அருவாளோடு நிற்கும் தெய்வத்தின் கதை; உடுக்கடித்துப் பாடப்பட்ட கதைப்பாட்டு. அந்தப் படத்தில் எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் சாருகேசி, நாட்டிய அரங்கின் சகல லட்சணங்களோடும் வருகிறது. அதே படத்தில், வீட்டுக்கு வரும் மச்சானை வழியிலேயே மடக்கிக் கேலி செய்யும் பாட்டொன்றும் வருகிறது. பின்னதில் ஓர் அலங்காரமில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கொழுந்திமார் பாடும் நையாண்டியின் தாளநடை அப்படியே இருக்கிறது. இரண்டையும் அமைத்தவர் ஒருவரே. ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்ற பேதம் அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. ‘காத்தவராயன்’ (1958) இன்னொரு நாட்டுத் தெய்வத்தின் கதை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) கும்மியாகவும் கூத்தாகவும் தென்பாண்டிச் சீமையில் ஆடப்பட்டது. அதில் மாட்டு வண்டிப் பாட்டு வரும்போது சக்கரத்தின் ஆட்டம் காதில் கேட்கும்.

என் பிள்ளைப் பிராயத்து அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வேப்ப மரத்தில் குழாய் கட்டி ரிக்கார்டு போடுபவர், தட்டுக்குத் தட்டு ஊசியை மாற்றிக்கொண்டு, பக்திப் பாட்டில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கிவருவார். மச்சானைக் கேலி செய்யும் அந்தத் தட்டு சுழன்றதும் களத்துமேட்டிலிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அடுத்த நடவின்போது அதே மெட்டில், அயலூர் மாப்பிள்ளை ஒருவரைக் குறித்துத் தாங்களே கட்டிய வார்த்தைகள் வயலில் ஒலித்தன. பட்டணத்தார் எழுதியதென்றோ சினிமாவிலிருந்து வந்ததென்றோ அவர்கள் எண்ணியதில்லை; வயலிலிருந்து போன மெட்டு வயலுக்குத் திரும்பி வந்திருந்தது. மண்ணின் மணத்தை நிர்ணயிக்க இதைவிட நல்ல நீதிஸ்தலத்தை நான் அறியேன்.

இன்னொருவர் கே.வி. மகாதேவன். நாகர்கோவிலை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் பிறந்து, இளமையில் நாடகக் கம்பெனியில் அடிபட்டுத் தேறியவர். கவிஞர் எழுதித் தந்த பிறகே மெட்டமைக்கும் சம்பிரதாயத்தைக் கடைசிவரை விடாதவர். மெட்டுக்குச் சொல்லை நெரித்துத் திணிக்கும் வழக்கம் இன்று எவ்வளவு சகஜமாகிவிட்டது என்பதை நோக்கினால், அந்தப் பிடிவாதத்தின் பெருமை விளங்கும். ஏனெனில் நாட்டுப் பாட்டில் சொல்லே தாளம். கொங்குத் தமிழ் பேசிய ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் (1957), மருதகாசி எழுத, டி.எம். சௌந்தரராஜன் பாடிய உழவுப் பாட்டு, மணப்பாறை மாட்டின் நடையிலேயே நடக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தைத் திரைக்குக் கொண்டுவந்தவரும், ‘கந்தன் கருணை’க்காக (1967) சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. அந்த விருதை அறிந்தவர்களில் எத்தனை பேர் அந்த உழவுப் பாட்டை அவர் பெயரோடு சேர்த்து நினைக்கிறார்கள்?

விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மெல்லிசை, இந்தத் தெம்மாங்கு மரபைப் பின்னுக்குத் தள்ளியது என்று ஒரு மனத்தாங்கல் எனக்கு நெடுநாள் உண்டு. பியானோவும் அக்கார்டியனும் பாங்கோவும் வந்த பிறகு உடுக்கைக்கு இடமேது என்று எண்ணியிருந்தேன். பிற்பாடு நிதானமாகக் கேட்டபோது அந்தக் கோபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. ‘பாகப் பிரிவினை’யின் (1959) குடும்பத் துயரமும் ‘படகோட்டி’யின் (1964) கடற்கரையும் அவ்விருவர் கையில் பொய்யாகிவிடவில்லை.

இவ்வளவும் இருந்தும் ஏன் மறந்தோம்? காரணம் சங்கீதத்தில் இல்லை, அது நமக்கு வந்த வழியில் இருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டுகள் உடைந்து பரணேறின. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து காஸெட் வந்தபோது, பழைய பாட்டுகள் அமைத்தவர் பெயரால் தொகுக்கப்படவில்லை, எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள், சிவாஜி சோகப் பாடல்கள் என்று நடிகர் முகத்தை அட்டையில் ஒட்டி விற்றார்கள். ராமநாதனும் மகாதேவனும் அவர்கள் காலத்து இசையமைப்பாளர் சுப்பையா நாயுடுவும் அந்த அட்டைகளின் பின்னே கரைந்துபோனார்கள். அதே காஸெட்டில் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்த இளையராஜாவின் பெயர் முன்னால் அச்சாயிற்று. பெயர் தெரிந்த முதல் இசையமைப்பாளரை, அந்த இசையின் முதல் ஆளாகவே ஒரு தலைமுறை கருதிவிட்டது.

அப்படியானால் 1976இல் ஒன்றுமே நிகழவில்லையா? நிகழ்ந்தது, பெரிய காரியமே நிகழ்ந்தது. ‘ஆராதனா’வும் ‘பாபி’யும் சென்னையிலும் வெகு நாள் ஓடி, நம் வாலிபர்கள் பொருள் தெரியாத இந்திப் பாட்டுகளை முணுமுணுத்துத் திரிந்த காலத்தில், தம் ஊரான பண்ணைப்புரத்து மெட்டுக்கு அடியில் வயலின்களையும் கிதாரையும் பரப்பி, ஒரு மெட்டின்கீழ் இன்னொரு மெட்டை ஓடவிடும் மேல்நாட்டு வித்தையைத் தெம்மாங்குக்கு இசைவாகப் பொருத்திக் காட்டியவர் இளையராஜா. மண்ணை அவர் கொண்டுவரவில்லை. முன்பே இருந்த மண்ணில் புதுப் பாசனம் செய்தார். ‘அன்னக்கிளி’யில் பாடிய எஸ். ஜானகி, அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே சுப்பையா நாயுடுவின் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு போட்டியிட்டுப் பாடியவர் என்பதும், விஸ்வநாதனும் இளையராஜாவும் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு 1986இல் சேர்ந்தே இசையமைத்தார்கள் என்பதும் தொடர்ச்சிக்குச் சாட்சி. ரசிகர்கள் கட்டிய சுவரை அந்தக் கலைஞர்கள் கட்டவில்லை.

ஆகவே, முதல்வர் யார் என்ற விவகாரத்தை விட்டுவிட்டு, நாடக மேடையிலிருந்து ராமநாதன், மகாதேவன் வழியாகப் பண்ணைப்புரம் வரை ஓடும் ஒரே நதியாக இந்த இசையைக் கேட்பதே நியாயம் என்று கருதுகிறேன். ராமநாதன் காலமான 1963இல் இளையராஜாவுக்கு வயது இருபது. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் அவர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மேடைகளில் கட்சியின் வார்த்தைகளுக்குப் பாவலர் எடுத்தாண்டவை, கிராமத்து மெட்டுகளோடு, ஜனங்கள் வாயில் அன்று புழங்கிய சினிமா மெட்டுகளுந்தாம்.