அகராதிக் கட்டமைப்பு மாற்றமும் சொற்காப்பும்

அகராதிகளின் சொற்பொருள் பற்றிய ஆராய்ச்சிகள் தமிழில் பல உள. அவற்றின் கட்டமைப்பை மாற்றுங்கால் நேரும் இழப்பைப் பற்றிய ஆராய்ச்சியோ அரிது. பொருள் பிழைபட்டிருப்பின் படிப்பவர் கண்டு திருத்துவர். கட்டமைப்பு மாறும்போது மறைந்துபோகும் செய்தியையோ ஒருவரும் காண்பதில்லை. இருந்தது என்று அறியாத ஒன்றை எவரும் தேடார் ஆகலின். அச்சகராதிகள் கணிப்பொறித் தரவுத்தளங்களாகிப் பலரும் ஒருங்கே கைவைக்கும் பொதுப்பொருளாய் நிற்கும் இந்நாளில் இவ்விடர் பெருகியுள்ளது. அதனைச் சில சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கட்டமைப்பு மாற்றம் தமிழுக்குப் புதிதன்று. திவாகரம் சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனப் பொருள்வகையால் பன்னிரு தொகுதிகளாக்கிற்று. 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து முறையைக் கொண்டார். பொருள்முறையை விட்டு எழுத்துமுறைக்குப் பெயர்ந்தால் சொல்லைத் தேடுவது எளிதாகும். ஆயின் ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஓரிடத்து நில்லாமல் சிதறும். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்ததன் நுட்பம் இதனால் விளங்கும். பெயரகராதியில் சொல்லுக்குப் பொருள் தந்தார். பொருளகராதியில் பொருளுக்குரிய சொற்களைத் தொகுத்தார். நிகண்டாசிரியர் போற்றிய தொகையையும் எதுகையையும் தனித்தனிப் பகுதிகளாக்கினார். புதுமுறையைக் கொண்டவர் பழமுறை தாங்கிய செய்தியைக் கைவிடவில்லை. அவரை ‘அகராதித் தந்தை’ என்று மட்டும் கூறி அமைவோர் இந்தச் சிறப்பை விட்டுவிடுகின்றனர் என்பது எம் கருத்து.

அடுத்து வினைச்சொற்களின் தலைச்சொல் வடிவத்தை நோக்குக. 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதி வினைகளைத் தனக்கென ஒரு வடிவில் நிறுத்திற்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் தொழிற்பெயர் வடிவை மேற்கொண்டது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பகுதியைத் தலைச்சொல்லாக்கி, செயவென் எச்சத்தையும் செய்தென் எச்சத்தையும் அடைப்பில் தந்தது. மூன்றும் தம்மளவில் முறையானவையே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும்போதுதான் இடர் தோன்றுகின்றது. லெக்சிகன் முறையில் ‘விரிதல்’ தன்வினை, ‘விரித்தல்’ பிறவினை. ‘அடைதல்’ வேறு, ‘அடைத்தல்’ வேறு. அவ்வீறு வெறும் அலங்காரம் அன்று. அச்சொல் எவ்வாறு காலம் காட்டும் என்பதையும் அதுவே உணர்த்தி நிற்கின்றது. கணிப்பொறியில் ஈற்றை வெட்டிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒருவர் இரண்டு ‘விரி’களைப் பெறுவார், அவற்றுள் எது எது என்று சொல்லும் குறி எங்கும் எஞ்சாது. க்ரியா ‘விரிய, விரிந்து’, ‘விரிக்க, விரித்து’ என்று அச்செய்தியை வேறிடத்தில் காத்துக்கொண்டது. ஆகவே ஈற்றை நீக்குமுன் அது தாங்கிய பொருளுக்கு ஒரு தனிப்புலம் அமைத்து நிரப்புதல் வேண்டும். அப்புலத்தைச் சிலர் சரிபார்த்த பின்னரே பழைய வடிவை நீக்குவது பற்றி எண்ணலாம். நீக்காமல் மறைத்து வைத்தல் அதனினும் நன்று. கணிப்பொறிக்கு அது பெருஞ்சுமையன்று.

இனி இடவழக்குக் குறிகளைப் பார்ப்போம். லெக்சிகன் தஞ்சை, யாழ்ப்பாணம், நாஞ்சில்நாடு முதலிய வழக்குகளுக்குத் தனித்தனிக் குறியெழுத்துகளைக் கொண்டது. முகம்மதியர் வழக்கு, கிறித்தவர் வழக்கு என்பனவற்றுக்கும் அவ்வாறே. இடமும் சமுதாயமும் ஒரே இருக்கையில் அமர்ந்துள்ளன. அச்சில் இது இடையூறாகாது. தரவுத்தளத்தில் ஒரு புலத்துக்கு ஒரே மதிப்பு என்று விதித்தால், முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் வழங்கும் சொல்லுக்கு ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை விடநேரும். அவ்வூர் கடைமடை உழவரும், உவர்நீர்க் கழியில் வலைவீசுவோரும், உப்பளத்தாரும், தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவரும் முசுலிம்களும் கலந்து வாழும் ஊர். அங்குத் தொகுத்த சொற்களைப் பொதுப்பட்டியல் ஒன்றில் பதிந்த எம் மாணவர்க்கு முதலில் எழுந்த ஐயமே இதுதான்.

இதனினும் நுட்பமானது பெயர் மாற்றம். லெக்சிகன் தொகுத்த காலத்துத் ‘தஞ்சை’ என்றது பழைய பெரிய மாவட்டத்தை. 1991-இல் நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. முத்துப்பேட்டை இன்று திருவாரூர் மாவட்டத்தது. பட்டியலைப் புதுப்பிக்க விழைவார் ஒருவர் ‘தஞ்சை’ என்பதை இன்றைய தஞ்சாவூர் மாவட்டம் என்று கொண்டு நிலப்படத்தோடு இணைப்பாராயின், கடற்கரைக் கழியின் சொல் கல்லணைப் பக்கத்துக்குப் போய்ச்சேரும். மாறாக எல்லாவற்றையும் ‘திருவாரூர்’ என மாற்றினாலும் பொய்யே. அன்றைய தொகுப்பாளர் எந்த ஊரிற் கேட்டார் என்பது அக்குறியில் இல்லை. இல்லாத நுண்மையை நாம் படைத்தல் ஆகாது. பழைய குறி பழையவாறே நிற்க, புதிதாய்க் களத்தில் தொகுத்தவற்றுக்கு மட்டும் ஊர்ப்பெயரும் ஆண்டும் தனிப்புலங்களில் எழுதுவதே நேரிய நெறியாம்.

எழுத்துவடிவம் பற்றிய மாற்றங்களில் ஒரே ஒரு சான்று காட்டுவாம். ‘கௌ’ என்னும் ஓரெழுத்தும், ‘கெ’, ‘ள’ என்னும் ஈரெழுத்தும் அச்சில் ஒத்த தோற்றம் உடையன. தட்டெழுதுவோர் பலர் ‘கௌதமன்’ என்பதைக் ‘கெளதமன்’ என்றே பதிகின்றனர். கண்ணுக்குப் பிழை தோன்றாது. அகரவரிசையிலோ கோகாரத்துக்குப் பின் வரவேண்டிய சொல் ஏகாரத்துக்கும் முன்னே போய்விடும். இதனைத் திருத்தப் புகுந்து, ஈரெழுத்துத் தொடரை எங்குக் கண்டாலும் ஔகாரமாக்குக என்று கணிப்பொறிக்கு ஆணையிட்டால் என்னாகும்? முத்துப்பேட்டைக் கழியிற் பிடிபடும் கெளுத்தி உருக்குலையும். கெளிறும் தெளிவும் வெள்ளமும் உடன் கெடும். ளகரத்தின்மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுக என விதியை இறுக்கினால் இவை பிழைக்கும். ஆயினும் பேச்சுவழக்குச் சான்றாகப் பதிந்த ‘வெளக்கு’ என்பது பிழையாது. இலக்கியச் சொற்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு விதி குற்றமற்றதாகவே தோன்றியிருக்கும். வட்டாரச் சொற்களே இவ்வகை மாற்றங்களில் முதற்பலியாகின்றன. அவை தொகையிற் சிலவாதலாலும், சரிபார்ப்பார் அவற்றை அறியாராதலாலும்.

மரப்பெயர்களிலும் இந்நிலை உண்டு. முத்துப்பேட்டைக் காட்டில் மிகுந்து நிற்கும் அலையாத்தியின் இனத்தைத் தாவர நூலார் முன்பு ஒரு குடும்பத்தில் வைத்தனர். இன்று முள்ளிக் குடும்பத்தில் வைக்கின்றனர். அறிவியற்பெயர்ப் புலத்தைப் புதுக்குதல் தக்கதே. ஆனால் பழைய அகராதி ஒரு தமிழ்ப்பெயருக்கு எந்த மரத்தைக் கருதிற்று என்பதற்கு அதில் அச்சான பழைய பெயரே சான்று. அதனை அழித்துவிட்டால், நெய்தல் நூல்களின் கண்டலையும் தில்லையையும் மரத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆராய்ச்சியாளர் எதனைக் கொண்டு பொருத்துவர்?

பலர் கூடித் திருத்தும் அகராதிக்கு இன்று நம் கண்முன் உள்ள சான்று 2004-இல் தொடங்கிய தமிழ் விக்சனரி. ஒவ்வொரு பக்கத்திலும் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரலாறாக நிற்கின்றது. பழைய படியை மீட்கவும் இயலும். அச்சகராதிகளில் இல்லாத பெருநலம் இது. ஆயினும் அதிலும் ஒரு நுழைவழி உண்டு. பல பக்கங்களுக்குப் பொதுவான வடிவத்தை ‘வார்ப்புரு’ என்னும் ஒன்றில் எழுதி வைக்கின்றனர். வார்ப்புருவை ஒருவர் திருத்தினால் அதனை ஆளும் பக்கங்கள் எல்லாம் அக்கணமே மாறும். அப்பக்கங்களின் வரலாற்றிலோ அம்மாற்றம் பதிவாவதில்லை. பழைய படியைத் திறந்தாலும் அது இன்றைய வார்ப்புருவோடேயே தோன்றும். ஒரு சொல்லைத் திருத்துவதும் சொற்களின் அச்சைத் திருத்துவதும் ஒரே உரிமையாய் இருத்தல் தகாது என்று நாம் கருதுவது இதனாலேயே. அச்சைத் திருத்துவோர் முன்னரே அறிவித்து, படியெடுத்து, சில நூறு சொற்களில் ஆய்ந்து, பதிவுகளின் தொகையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எண்ணிக் காட்டிய பின்னரே தொடுதல் வேண்டும். மாற்றம் நடைபெறும்போது பிறர் பதிவதை நிறுத்திவைத்தலும் இன்றியமையாதது; இல்லையேல் அவ்விடைவெளியிற் பதிந்தவை பழைய வடிவிலும் சேராமல் புதிய வடிவிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கும்.

தலைச்சொல்லையே பதிவின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கத்தையும் இங்குக் கண்டித்தல் வேண்டும். எழுத்து திருந்தினாலோ தலைச்சொல் வடிவம் மாறினாலோ, அதனைச் சுட்டிய பிற பதிவுகள் எல்லாம் இல்லாத இடத்தைச் சுட்டி நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் என்றும் மாறாத ஓர் எண் வேண்டும். பதிவு நீக்கப்பட்டாலும் அவ்வெண்ணை மற்றொன்றுக்கு வழங்கலாகாது.

லெக்சிகன் பணி 1913-இல் தொடங்கிற்று, முதற்பகுதி 1924-இல் வெளிவந்தது, பதிப்பாசிரியர் மாறினர், 1936-இல் ஆறு தொகுதிகள் 1,04,405 சொற்களோடு முற்றுற்றன. 1926-இல் பொறுப்பேற்ற வையாபுரிப் பிள்ளை முன்னரே அச்சாகி வெளிவந்த பகுதிகளின் அமைப்பை மாற்ற இயலாது. விடுபட்டவையும் புதியவையும் 13,357 சொற்களாக 1938-39-இல் அனுபந்தமாயின. அச்சு இறுகியது என்று குறைகூறுவார் உளர். அவ்விறுக்கத்தால் எது முன்னையது, எது பின்னையது என்பது இன்றும் ஐயமின்றித் தெரிகின்றது. இரண்டையும் ஒரே தரவுத்தளமாக்குவோர் அனுபந்தப் பொருள்களை மூலத்தின் பொருள்வரிசைக்கு இடையே செருகி எண்களை மாற்றினால், ஓர் ஆய்வேடு ‘மூன்றாம் பொருள்’ என்று சுட்டியது இனி நான்காம் பொருளாய்விடும். அனுபந்தப் பொருளை ஈற்றிற் சேர்த்து, அது வந்த தொகுதியையும் ஆண்டையும் அதன் பக்கத்திலேயே எழுதுக. அழகு சிறிது குறையும்; அது குறைந்தால் குறையட்டும்.