தேக்கடியில் எந்தக் காட்டைப் பார்க்கிறோம்?

மழைக்காடு பார்க்கப் போகிறோம் என்று தேக்கடிக்குத் திட்டமிடுகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டுத் திரும்புவது ஓர் அணையின் நீர்த்தேக்கத்தைத்தான். 1895இல் முல்லைப்பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்னும் நீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றில் நீர்க்காகம் சிறகு உலர்த்தும். கரைப் புல்வெளிக்கு யானையும் காட்டெருமையும் வரும். 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரியார் புலிகள் காப்பகத்தின் அசல் பசுமைமாறாக் காடு இதற்கெல்லாம் பின்னால் இருக்கிறது. படகு அங்கே போகாது.

படகுச் சவாரியின் அடிப்படையே விலங்கைக் காட்டியாக வேண்டும் என்கிற கட்டாயம். 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதாக அப்போது செய்திகள் வந்தன. படகின் வடிவமைப்பைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன.

இதற்கு மாற்றாக வனத்துறை உருவாக்கிய நடைப்பயணங்களும் மூங்கில் தெப்பப் பயணமும் உண்மையிலேயே வேறு வகை. சிறு குழு, உள்ளூர் வழிகாட்டிகள், சில பயணங்களில் கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். வழிகாட்டிகளில் மன்னான், பளியர் பழங்குடியினர் உண்டு. 'டைகர் டிரெயில்' என்ற பயணத்தை நடத்துகிறவர்களோ ஒரு காலத்தில் இதே காட்டில் இலவங்க வகையான வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்தவர்கள், வேட்டையாடியவர்கள். 1990களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம் அவர்களைக் குழுவாகத் திரட்டி இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. திருடப் போன பாதைகளை அறிந்தவர்களுக்குத் திருடர் வரும் பாதையும் தெரியும். அவர்கள் பின்னால் பயணிகள் நடக்கும்போது அந்த நடையே காவல் ரோந்தாகவும் ஆகிவிடுகிறது. சூழல் சுற்றுலா என்று பெயர்ப்பலகை மாட்டிய நூறு விடுதிகள் சேர்ந்தும் செய்யாத காரியம் இது.

பணம் போகும் வழியும் முக்கியம். இங்கே அமைந்த பெரியார் அறக்கட்டளை, பயணிகளிடம் வாங்கும் தொகையின் ஒரு பகுதியைக் காப்புக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் திருப்பியது. 2006ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத் திருத்தம் எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இத்தகைய அறக்கட்டளை வேண்டும் என்றது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் நெருடல்களும் இருக்கின்றன. 2002இல் தொடங்கிய வசந்தசேனை என்ற குழுவின் பெண்கள் முறை வைத்துக் காட்டைச் சுற்றி வந்தார்கள். சம்பளமில்லாத தொண்டாகவே அது தொடங்கியது. ஆண்கள் காட்டைக் காத்தால் பிழைப்பு, பெண்கள் காத்தால் சேவை என்ற கணக்கு எனக்கு உவப்பாக இல்லை. அடுத்தது, காவலின் ஒரு பகுதி பயணிகளின் பணத்தில் நடக்கும்போது, வெள்ளத்தாலோ நோய்த்தொற்றாலோ வாசல் மூடினால் அந்தப் பகுதி ஆட்டம் காணும். மூன்றாவது, இதைவிடப் பெரியது: நடைப்பயணிகளை விரல்விட்டு எண்ணி உள்ளே விடும் இதே காப்பகத்துக்குள்தான் சபரிமலையும் இருக்கிறது. பருவத்தில் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். நாலு பேர் நடப்பதை முறைப்படுத்தியதைச் சாதனையாகச் சொல்லும்போது இந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

திட்டமிடுகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வேண்டுவது விலங்கா காடா என்பதை. விலங்கென்றால் கோடை. மார்ச் முதல் மே வரை நீர் வற்ற வற்ற யானைகள் கரைக்கு வரும். அடர்ந்த மழைக்காட்டிலோ பத்தடிக்கு அப்பால் நிற்கும் விலங்கும் கண்ணுக்குத் தட்டுப்படாது. அங்கே இருவாச்சியின் சிறகோசை கேட்கும், மலையணில் கிளை தாவும், கருமந்தி கத்தும், தவளைகள் இருக்கும். தவளைகளுக்கு மழை வேண்டும். மழையென்றால் அட்டைகளும் உண்டு. முழங்கால் வரை கட்டும் துணி உறை இல்லாமல் இறங்கக்கூடாது. பயணத்தை இடைத்தரகர் வழியாக இல்லாமல் வனத்துறையிடமே பதிவு செய்வது நல்லது, இடங்கள் குறைவு.

மழை வலுத்தால் நடை ரத்தாகும். அதனால் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளாத பயணத்திட்டம் அரைகுறைதான். பணம் கட்டியாயிற்று, கூட்டிப் போ என்று வழிகாட்டியிடம் மல்லுக்கு நிற்கிறவர்கள் ஏப்ரலில் வந்து படகுக்கே சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.