க்ஷயம் என்ற சொல்

க்ஷயம் என்றால் தேய்வு. ரோகிணியிடம் மட்டும் பிரியம் வைத்ததற்காகச் சந்திரனுக்குத் தக்ஷன் கொடுத்த சாபமும் அதுதான். என்புருக்கி என்பதும், பழைய ஆங்கில நாவல்களில் வரும் கன்ஸம்ப்ஷனும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. ருஷ்யர்களின் பழைய சொல்லும் வாடுவது என்ற வினையிலிருந்து பிறந்ததே. எல்லாம் நோயாளியைப் பார்த்து வைத்த பெயர்கள். அறுத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர் டியூபர்குளோஸிஸ். உள்ளே தென்படும் சிறு முடிச்சுகளைச் சொல்வது. அது நம் வீடுகளில் டி.பி. என்று இரண்டெழுத்தாகி, ஆறு மாத மருந்தில் பெரும்பாலும் குணமாகிற இந்த நாளிலும், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் தாழ்ந்த குரலில்தான் சொல்லப்படுகிறது.

கதாசிரியர்களுக்கு என்னவோ தேய்வுதான் பிடித்திருக்கிறது. 1848-ல் வெளியான இளைய டூமாவின் காமெலியாப் பெண்மணியைப் பாருங்கள். ரத்தம் கக்குவதை டூமா மறைக்கவில்லை. ஆனாலும் அவர் கையில் நோய் அந்தத் தாசியைப் புனிதப்படுத்தும் ஒரு சடங்காகிவிடுகிறது. சாவு அவளுக்கு ஓர் அலங்காரம். எனக்கு இது ஒப்பவில்லை.

இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1882-ல் பெர்லினில் காக் நிரூபித்தார். ஐந்து வருஷம் கழித்து மாஸ்கோவில் மேடையேறியது செக்காவின் 'இவானோவ்' நாடகம். பெற்றோரையும் மதத்தையும் விட்டு இவானோவை மணந்தவள் அன்னா. அவளுக்கு க்ஷயம் என்று டாக்டர் கணவனிடம் சொல்லிவிடுகிறார். கடனிலும் சலிப்பிலும் கிடக்கும் அவனோ சாயங்காலமானால் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறான். ஒருநாள் சண்டை முற்றுகிறது. அவள் பிறப்பைச் சொல்லித் திட்டுகிறான். அப்படியும் அவள் ஓயாததால், அவள் சீக்கிரம் சாகப்போவதாக டாக்டர் தன்னிடம் சொன்னதையும் வீசிவிடுகிறான். டாக்டர் அதை எப்போது சொன்னார் என்றுதான் அவள் கேட்கிறாள். குரல் இறங்கிப்போகிறது. கிருமி செய்யாததை அங்கே ஒரு வாக்கியம் செய்துவிடுகிறது. இத்தனைக்கும் அவன் கொடியவன் அல்ல; சொன்ன மறுகணமே அழுகிறான். அதுதான் நம்மை உலுக்குகிறது. டூமாவின் நாயகிக்காக நாம் சுகமாக அழலாம். அன்னாவுக்காக அப்படி அழ முடிவதில்லை. அடுத்த அறையில் ஒட்டுக்கேட்டுவிட்டவர்களைப் போல் கூசிப்போகிறோம்.

செக்காவ் டாக்டர். இதை எழுதுமுன்பே, 1884 முதல், அவருக்கு இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. தமக்கு க்ஷயம் இல்லையென்றே சொல்லிவந்தார். 1897-ல் மாஸ்கோ ஹோட்டல் ஒன்றில் சாப்பாட்டு மேஜையில் ரத்தம் பெருகிய பிறகுதான் மற்ற டாக்டர்கள் தம் மார்பைச் சோதிக்கச் சம்மதித்தார்.