ரூபியின் பெயரைச் சொன்னது யார்?

துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கங்களில் கொலைகாரனின் பெயர் தெரியவரும். வால்டர் மோஸ்லி 1990-இல் எழுதிய ‘டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்’ நாவலில் அந்த இடத்தில் தெரியவருவது ஒரு பெண்ணின் பிறப்பு.

கதை நடப்பது 1948-இன் லாஸ் ஏஞ்சலிஸில். விமானத் தொழிற்சாலை வேலையை இழந்து, வீட்டுக் கடன் தவணைக்குத் தவிக்கும் கறுப்பினத்தவனான ஈசி ராலின்ஸிடம் ஒரு வெள்ளைக்காரன் பணம் தந்து, டாஃப்னி மோனே என்னும் வெள்ளைப் பெண்ணைத் தேடச் சொல்கிறான். தேடத் தேடப் பிணங்கள் விழுகின்றன. முடிவில்தான் தெரிகிறது: டாஃப்னியின் பெயர் ரூபி ஹாங்ஸ். அடியாளாக எல்லோரும் அஞ்சும் கறுப்பினத்தவன் ஃபிராங்க் கிரீன் அவளுடைய அண்ணன்.

ஏன் மறைத்தாள்? வெள்ளை நிறத்தின் மீதான ஆசை என்று மட்டும் படித்துவிட்டால் நாவலின் காலத்தைத் தவறவிடுவோம். அவளை நேசிப்பவன் டாட் கார்ட்டர் என்ற வெள்ளைப் பணக்காரன். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணந்துகொள்வதைக் கலிபோர்னியச் சட்டம் தடைசெய்திருந்தது. 1948 அக்டோபரில்தான் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. டாஃப்னியாக இருந்தால் அவள் மனைவியாகலாம். ரூபியாக இருந்தால் ஆசைநாயகியாக மட்டுமே இருக்க முடியும். அவளுடைய பொய்யை எழுதியதில் அரசுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பொய் உடையும் விதம்தான் நம்மை உறுத்துகிறது. ‘ரூபி’ என்ற பெயரை முதலில் உச்சரிப்பவள் அவளல்ல. துப்பாக்கியோடு பணம் கேட்டு வந்து நிற்கும் மௌஸ். அவள் போன பிறகு அவளுடைய வாழ்க்கைக்குப் பொருள் சொல்பவனும் அவனே: அவளுக்கு வெள்ளைக்காரியாக வேண்டும் என்ற ஆசை என்கிறான். மறுத்துப் பேச அவள் அங்கே இல்லை. முழுக் கதையும் ஈசியின் வாயால் சொல்லப்படுவதால், அவளை நாம் பெரும்பாலும் அவனுடைய பார்வையில் பட்ட உடலாகவே அறிகிறோம்: நிறம் மாறும் கண்கள், வந்துபோகும் பிரெஞ்சு உச்சரிப்பு.

ஆனால் மோஸ்லி அவளுக்கு ஓர் இடம் தருகிறார். சிறுவயதில் அப்பா தன்னை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப்போன நாளையும், அதற்குப் பின் அவர் தன்னிடம் நடந்துகொண்டதையும் அவளே சொல்கிறாள். இந்த நாவலில் மிகக் கொடிய குடும்ப ரகசியம் அது. குற்றமும் அதுதான். ஆனாலும் கதையின் திருப்பமாக அமைவது அவளுடைய இனம்தான். தகப்பன் செய்தது அவளுடைய ‘மர்மத்துக்கு’ இன்னொரு சாயமாகி மங்கிவிடுகிறது.

இன்னொருத்தி கொரெட்டா ஜேம்ஸ். காதலன் குடித்துவிட்டுத் தூங்கும்போது ஈசியோடு ஓர் இரவைக் கழிப்பவள், சீக்கிரமே அடித்துக் கொல்லப்படுகிறாள். டாஃப்னியைத் தெரிந்திருந்ததே அவள் சாவுக்குக் காரணம். அவளுடைய சாவு ஈசியைப் போலீஸிடம் மாட்டவைக்கிறது, கதையை நகர்த்துகிறது. அத்தோடு அவளுடைய வேலை முடிந்துவிடுகிறது. வெள்ளையாகத் தெரியும் பெண்ணைத் தேட ஒரு நாவலே இருக்கிறது. கறுப்பினப் பெண்ணுக்கு ஒரு துப்பு மட்டும்.

ஒரு கறுப்பினத்தவனுக்குச் சொந்த வீடு என்றால் என்ன, காவல் நிலையத்தின் மூடிய அறை என்றால் என்ன என்பதை இந்த நாவல் அளவுக்குச் சொன்ன துப்பறியும் கதைகள் குறைவு. அதனால்தான் இந்தக் கேள்விகளை இதனிடம் கேட்கலாம். முடிவில் முப்பதாயிரம் டாலரை மூவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஈசி தன் வீட்டுக்குத் திரும்புகிறான். ரூபி தன் பத்தாயிரத்தோடு வாடகைக் காரில் ஏறுகிறாள். அந்தக் கார் எந்தப் பெயரிடம் போகிறது என்பதை நாவல் விசாரிக்கவில்லை. இரண்டாம் முறை படிப்பவர்கள் அந்த விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.